ருவாண்டா: நோட்டு, கொழுந்து, பட்டா, 99 சதவீதம்

பந்தலூர் | 2 ஆகஸ்ட் 2025

வாட்ஸாப்பில் மறுபடியும் அதே வீடியோ சுத்துது. ருவாண்டா தலைநகர் கிகாலி ரோடு, குப்பையே இல்லாத தெரு, மாநாட்டு மண்டபம், அப்புறம் "ஆப்பிரிக்காவின் சிங்கப்பூர்"னு ஒரு குரல். 1994ல் மூணு மாசத்துல எட்டு லட்சம் பேரை வெட்டிச் சாய்ச்ச நாடு முப்பது வருஷத்துல இப்படி எழுந்துடுச்சு. 2009க்கு அப்புறம் இலங்கை ஏன் எழல? கறாரா ஒரு தலைவர் இருந்தா போதும்னுதான் எனக்குப் படுது. இல்லைன்னு சொல்றவங்க விவரத்தோட சொல்லுங்க. அவங்களும் மலைநாடு, தேயிலை, காபி, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் விவசாயி. நமக்கும் அதுல ஏதாவது இருக்கணுமே.

கட்டபெட்டு | 2 ஆகஸ்ட், இரவு

தலைவர் பேச்சு கடைசியில். முதலில் அளவு தெரியட்டும். ருவாண்டாவின் பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர். நீலகிரி மாவட்டத்தைப் பத்துத் தடவை அடுக்கினால் அதுதான். 1994ல் சுமார் 70 லட்சம் பேர். 2022 கணக்கெடுப்பில் 1 கோடியே 32 லட்சம். பலியானவர்கள் எட்டு லட்சம் என்பது ஐநா வட்டாரங்களில் புழங்கும் எண். பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. பெரும்பாலோர் துத்சிகள், அங்கே சிறுபான்மை இனம். பெரும்பான்மை இனமான ஹுட்டுகளில் கொலைக்கு உடன்படாதவர்களும் செத்தார்கள்.

1994 ஜூலை 19ல் புது அரசு பதவியேற்றபோது அந்த ஆண்டின் ஜிடிபி பாதியாகிவிட்டிருந்தது. மத்திய வங்கி காலி. ஓடிப்போன பழைய அரசு நோட்டுக் கட்டுகளையும் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ) கோமா நகரப் பக்கம் போய்விட்டது. வெளிக்கடன் மட்டும் ஊரிலேயே தங்கியது, சுமார் 100 கோடி டாலர். அதில் ஒரு பகுதி பழைய அரசு ஆயுதம் வாங்கிய காலத்துக் கடன். புதுக் கடன் வேண்டுமானால் பழைய பாக்கியை முதலில் கட்டு என்றார்கள் உலக வங்கியில். பெரிய அளவில் தள்ளுபடி வந்தது 2005 ஏப்ரலில்தான், கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான திட்டத்தில்.

1995 ஜனவரியில் நோட்டு மாற்றம். 500, 1000, 5000 பிராங்க் நோட்டுகளைச் செல்லாததாக்கிப் புது நோட்டு விட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பழைய ராணுவம் வைத்திருந்த கட்டுகள் வெறும் காகிதமாயின. உள்ளே பணவீக்கமும் கட்டுப்பட்டது. கூடவே, முகாம்களில் கிடந்த சாதாரண அகதிகளின் மடியில் இருந்த கொஞ்ச நஞ்சமும் போனது. ஜயர், தான்சானியா, புருண்டி மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய இருபது லட்சம் அகதிகள். பொருளாதாரத்துக்கு இது சரியான முடிவு, அதே நேரத்தில் போர் நடவடிக்கையும்கூட. இந்த இரண்டையும் பிரித்து வைத்து ருவாண்டாவைப் பேசினால் எதுவும் பிடிபடாது.

வீடியோக்காரர்கள் 1995ல் 35 சதவீத வளர்ச்சி என்பார்கள். 100 பாதியாகி 50. அதன்மேல் 35 சதவீதம் போட்டால் 67. வருடாவருடம் போட்டுப் பாருங்கள், 1993 அளவைத் தொட 2000 ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான வளர்ச்சி. அது குறைவும் இல்லை, ஆண்டுக்கு ஏழு எட்டு சதவீதம் என்று ரொம்ப காலம் ஓடியது.

குன்னூர் ஏலம் | 3 ஆகஸ்ட்

தேயிலையைச் சொல்லுங்க சார். கென்யாவோட மொம்பாசா தேயிலை ஏலத்துல ருவாண்டா தூள் பல வாரம் முதல் விலைக்குப் போகுது. நம்ம சிடிசி தூள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல.

கட்டபெட்டு | 3 ஆகஸ்ட்

உயரம், எரிமலை மண், நல்ல மழை, இது இயற்கை கொடுத்தது. மீதி பறிப்பு. இரண்டு இலை ஒரு மொட்டு என்றால் அதுதான். முற்றின இலை வந்தால் கூடையைத் திருப்பி அனுப்புகிற தொழிற்சாலைகள் இருக்கின்றன.

1994ல் நடந்ததைத் தேயிலைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு பருவம் பறிக்காமல் விட்டால் செடி உயர்ந்து பறிமட்டம் போய்விடும், இரண்டு பருவம் விட்டால் தோட்டம் காடு. திரும்ப எடுக்கக் கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடுவதுதான் வழி. அடிக்கவாத்து போட்டால் துளிர்த்து, மட்டம் வெட்டி, முதல் கொழுந்து எடுக்க மூன்று நான்கு மாதம். அதுவரை தொழிற்சாலைக்கு இலை இல்லை, கூலிக்குப் பணம் இல்லை. இங்கே பறிக்க ஆளும் இல்லை, பாய்லர் வரை பெயர்த்துக்கொண்டும் போயிருந்தார்கள்.

வடக்கில் முலிண்டி என்று ஒரு தோட்டம், பள்ளத்தாக்குச் சதுப்பை வடிகட்டி நட்டது. போர்க்காலத்தில் ஆர்பிஎஃப் (ருவாண்டா தேசபக்த முன்னணி) படையின் தலைமையகமே அந்தத் தோட்டம்தான். இன்றைய ஆளுங்கட்சி அங்கிருந்துதான் கிகாலிக்கு இறங்கியது.

அரசுத் தொழிற்சாலைகளை 2000க்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தனியாருக்குக் கொடுத்தார்கள், சிலவற்றில் விவசாயிக் கூட்டுறவுகளுக்கும் பங்கு. கொழுந்து விலை முன்பெல்லாம் மேலிருந்து அறிவிக்கப்படும், மாதக்கணக்கில் அசையாது. 2012 வாக்கில் அதை மொம்பாசா ஏல விலையோடு கட்டினார்கள். ஏலம் ஏறினால் கொழுந்தும் ஏறும். அதன் பிறகுதான் உரம் வாங்கிப் போடுவதில் விவசாயிக்கு ஒரு கணக்கு பிறந்தது.

நம்ம 65:35 பங்கீடும் இதே யோசனைதான், ஏல விலையில் விவசாயிக்கு 65 சதவீதம், தொழிற்சாலைக்கு 35. நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்துக்கொண்டால், ஏல சராசரி 100 ரூபாய்க்குக் கொழுந்துக்கு 14 ரூபாய் சொச்சம். மாவட்டம் முழுக்க ஒரே சராசரி என்பதால் நல்ல இலை கொடுப்பவனும் கத்தரியில் வழித்துக் கொடுப்பவனும் ஒரே விலை வாங்குகிறார்கள். அப்புறம் தரம் எங்கிருந்து வரும்?

தாண்டிக்குடி | 5 ஆகஸ்ட்

தேயிலையே பேசிட்டிருக்கீங்க. அந்த நாட்டுல கிராமத்துக்குக் காசு கொண்டுவந்தது காபி. படுகொலைக்கு முன்கதையிலயும் காபி இருக்கு. 1989ல உலகக் காபி ஒப்பந்தம் உடைஞ்சு விலை விழுந்தது. அரசு வருமானம், விவசாயி வருமானம் ரெண்டுமே காபியை நம்பி இருந்த நாடு. காபிச் செடியைப் பிடுங்குறது சட்டப்படி குற்றம், இருந்தும் பிடுங்கிட்டு மொச்சையும் வாழையும் வச்சாங்க. 1990 அக்டோபர்ல போர், நவம்பர்ல பிராங்கை மதிப்பிறக்கினாங்க. பஞ்சம்தான் கொலை செய்யச் சொல்லுச்சுன்னு நான் சொல்ல வரல, கொலையைத் திட்டம் போட்டவங்க மேல இருந்தாங்க. ஆனா வேலையில்லாத பசங்களைத் திரட்டுறது சுலபமாச்சு.

அப்போ அவங்க காபி வீட்டுல கையால தோல் உரிச்சு, ஏதோ ஒரு தண்ணியில ஊறப்போட்டு, தரையில காய வச்சது. மூணாந்தர விலை. 2000 வாக்குல நாடு முழுக்கக் கழுவு நிலையம் ஒண்ணு ரெண்டுதான். தெற்கே மராபாவுல ஒரு கூட்டுறவு, அமெரிக்க உதவியும் புட்டாரே பல்கலைக்கழகமும் சேர்ந்து 2001ல அதுக்கு ஒரு நிலையம் போட்டாங்க. இப்ப 300க்கு மேல.

நிலையத்துல நடக்கிறது இது:

பழுத்த பழம் மட்டும், பறிச்ச அன்னைக்கே வரணும். எட்டு மணி நேரம் தாண்டினா சாக்குக்குள்ளயே புளிக்கும். தொட்டியில கொட்டினா மிதக்கிறதைத் தனியா எடுத்துடணும். சாயங்காலமே பல்ப்பர்னு தோல் உரிக்கிற எந்திரத்துல போடணும். தண்ணி வடிச்ச தொட்டியில 12லிருந்து 18 மணி நேரம் புளிக்க விடணும், மேல குளிர் அதிகமானா இன்னும் நீளும். கையில எடுத்துத் தேய்ச்சா கொழகொழப்புப் போய் நறநறன்னா சரி. பிறகு சரிவான வாய்க்கால்ல கழுவறப்பவே கனம் பார்த்துத் தரம் பிரியும். ஈரத்தோட நிழல்ல பரப்பிப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குவாங்க, ஓட்டை, உடைசல், பச்சை எல்லாம் ஈரத்துலதான் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் வலை போட்ட உயரப் பரண்ல ரெண்டு வாரம். உச்சி வெயிலுக்கும் ராத்திரிக்கும் மூடி வைக்கணும். ஈரப்பதம் 11, 12 சதவீதத்துக்கு வந்தா மூட்டை. அஞ்சாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக்கொட்டை.

கெடுறது எங்கே? முதல்ல காசு. பழம் வர்ற ரெண்டு மாசம் தினமும் கையில ரொக்கம் வேணும், கொட்டை வித்துப் பணம் வர அரை வருஷம். வங்கிக் கடன் தாமதமானா விவசாயி பழத்தை வியாபாரிகிட்ட போட்டுடுவான், நிலையம் பாதி கொள்ளளவுல ஓடும். நிறைய கூட்டுறவு கடன்ல முழுகினது இப்படித்தான். அடுத்தது அந்தேஸ்தியா பூச்சி. காயைக் குத்தின ஓட்டை வழியா பாக்டீரியா புகுந்து, வறுத்த பிறகு பச்சை உருளைக்கிழங்கு வாடை. ஒரு கொட்டை போதும், அந்தக் கோப்பையே போச்சு. பச்சைக்கொட்டையில கண்ணால கண்டுபிடிக்கிறது சிரமம். மிதக்கிறதை எடுக்கிறது, கவாத்துப் போட்டு உள்ளே வெளிச்சம் விடுறது, அவங்க ஊர்லயே விளையற பைரெத்ரம் பூவோட பூச்சிமருந்து அடிக்கிறது, இவ்வளவுதான் வைத்தியம். இதையும் மீறி 2008ல தரமான காபிக்கான கப் ஆஃப் எக்ஸலன்ஸ் போட்டியை ஆப்பிரிக்காவுலயே முதல்ல நடத்தினாங்க.

குன்னூர் ஏலம் | 5 ஆகஸ்ட்

பழம் வேற பக்கம் ஓடாம இருக்க 2016ல பகுதி பிரிச்சாங்களே, அது நல்ல ஏற்பாடுதானே? இந்த மலைச்சரிவுக்கு இந்த நிலையம், வேற எங்கயும் போடக்கூடாது. நம்ம ஊர்ல இலை ஏஜென்ட் காலைல ஒரு ஃபேக்டரி, சாயங்காலம் ஒரு ஃபேக்டரின்னு ஓடுறான். இன்கோ கூட்டுறவு ஃபேக்டரிக்கு உறுப்பினர் இலையே முழுசா வர்றதில்ல.

தாண்டிக்குடி | 6 ஆகஸ்ட்

நிலையம் வச்சிருக்கிறவனுக்கு நல்ல ஏற்பாடு. பழம் நிச்சயம் வரும்னு தெரிஞ்சா அவன் முன்பணம் கொடுப்பான், உரம் கொடுப்பான், பறிக்கச் சொல்லித்தருவான். காகிதத்துல அழகு. நடந்தது என்னன்னா, போட்டி இல்லாத இடத்துல அரசு சொன்ன குறைஞ்சபட்ச விலையே அதிகபட்ச விலையாயிடுச்சு. பக்கத்துச் சரிவுல அதிகம் கொடுக்கிறான்னு தெரிஞ்சும் கொண்டுபோக முடியாது, கொண்டுபோனா பறிமுதல். 2023ல இந்தப் பிரிவினையை எடுத்துட்டாங்க. ஏழு வருஷம் ஆச்சு, ஏன்னா கீழ இருந்து "இது எங்களுக்கு நஷ்டம்"னு சத்தமா கேட்க ஒரு சங்கம் இல்ல. இங்க கோத்தகிரியில கொழுந்து விலைக்குப் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தாங்களே, விலை கிடைக்குதோ இல்லையோ, அந்தப் பந்தல் அங்க கிடையாது.

பந்தலூர் | 8 ஆகஸ்ட்

பந்தல் போட்டு நாங்க கண்டது என்ன? கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்ம நிலம்னு பழைய ஜமீன் மாதிரி நிலம், அதை அரசு எடுத்துக்கிட்ட 1969 சட்டம், அதுல இன்னும் வழக்குல கிடக்கிற பிரிவு 17. அரை நூற்றாண்டுக்கு மேல பட்டா இல்ல, பட்டா இல்லாததால கரண்டு இல்ல. அந்த நாட்டுல நாலஞ்சு வருஷத்துல நாடு முழுக்கப் பட்டா கொடுத்து முடிச்சான்னு படிச்சேன். பொய்யா?

கட்டபெட்டு | 9 ஆகஸ்ட்

பொய்யில்லை. உலகத்தில் அந்த வேகத்தில் செய்தவர்கள் வெகு சிலர். 2009ல் தொடங்கி 2013க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒரு துண்டுக்கு ஆன செலவு ஆறேழு டாலர். சான்றிதழுக்கு விவசாயி கட்டியது 1,000 பிராங்க்.

சர்வேயர் சங்கிலி பிடிக்கவில்லை, அதுதான் சூட்சுமம். வானிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, அந்தந்த ஊரிலேயே பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். உரிமை கோருபவரும் நாலாபுறத்துக்காரரும் வரப்பில் நிற்க, படத்தின் மேல் பேனாவால் கோடு. எல்லோரும் ஒப்பினால் ரசீது. தகராறு என்றால் அதைத் தனிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அடுத்த வரப்புக்குப் போய்விடுவார்கள், அதற்காக வேலை நிற்காது. பிறகு பட்டியலை ஊரில் வைத்து ஆட்சேபணைக்கு 60 நாள். அதன்பின் சான்றிதழ். கணவன், மனைவி இருவர் பெயரும் ஏறியது; 1999 வாரிசுச் சட்டம் மகளுக்குச் சம பங்கு கொடுத்திருந்தது. பதிவுத் திருமணம் செய்யாமல் வாழ்ந்த பெண்கள் மட்டும் விட்டுப்போனார்கள், அவர்கள் எண்ணிக்கை சிறியதல்ல.

பட்டா என்கிறோம், ஆனால் நிலம் அரசுடையது; விவசாயிக்குக் கிடைத்தது 99 வருடக் குத்தகை. கோளாறு பின்னால் வந்தது. ஒரு ஹெக்டேருக்குக் கீழே துண்டாடக்கூடாது என்று அப்போது சட்டம், பெரும்பாலான குடும்பங்களிடம் இருந்ததே அதற்கும் கீழே. கைமாற்றக் கட்டணம் துண்டு பெரிதோ சிறிதோ சுமார் 30,000 பிராங்க். அப்பன் மூன்று மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்ததும், பக்கத்து வீட்டுக்காரனுக்கு விற்றதும் வெள்ளைத்தாளிலேயே நடந்தது. பதிவேடு ஒரு பக்கம், வரப்பு ஒரு பக்கம்.

இவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. யாருடைய நிலம் என்ற பெரிய சண்டையை 2009க்கு முன்பே மேலிருந்து தீர்த்துவிட்டார்கள். 1959லிருந்து அகதிகளாகப் போன துத்சிகள் ஏழெட்டு லட்சம் பேர் 1994க்குப் பிறகு திரும்பினார்கள். பத்து வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர் பழைய நிலத்தைக் கேட்கக்கூடாது என்பது 1993 அருஷா ஒப்பந்தம். அதற்கு மாற்றாகக் கிழக்கு மாகாணங்களில் "நிலப் பகிர்வு" என்று இருப்பவரின் நிலத்தைப் பாதியாக்கி வந்தவருக்குக் கொடுத்தார்கள். நஷ்ட ஈடு கிடையாது. மறுத்தவர் உண்டா? மறுக்கிற சூழ்நிலை இல்லை. பிரிவு 17 வழக்கு இத்தனை வருடம் ஓடுகிறது என்றால் வழக்குப் போட ஆளுக்கும் இடம் இருக்கிறது, கேட்க நீதிமன்றமும் இருக்கிறது. இதனால் உங்கள் வீட்டு விளக்கு எரியாது, தெரிகிறது. ஆனாலும் இரண்டும் ஒரே கணக்கில் வரும்.

பந்தலூர் | 9 ஆகஸ்ட்

கணக்கெல்லாம் சரி. எனக்கு விளக்கு எரிஞ்சா போதும்.

கட்டபெட்டு | 12 ஆகஸ்ட்

அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதுவதுதான் கஷ்டம். இருந்தாலும் முயற்சி.

2006ல் அங்கே 12 மாகாணத்தை 5 ஆக்கினார்கள். 30 மாவட்டம், 416 வட்டாரம். ஒவ்வொரு மாவட்டத் தலைவரும் குடியரசுத் தலைவரோடு ஆண்டு ஒப்பந்தம் போடவேண்டும், இமிஹிகோ என்று பெயர். இத்தனை ஹெக்டேர் மக்காச்சோளம், இத்தனை கழிப்பறை, இத்தனை சதவீதம் மருத்துவக் காப்பீடு. ஆண்டு முடிவில் மதிப்பெண், தரவரிசை. கடைசியில் வந்தவர் பதவியில் நீடிப்பது அபூர்வம். இதனால் நல்லது நடந்திருக்கிறது, மறுக்க ஒன்றுமில்லை. ஊர் மருத்துவக் காப்பீடு பத்தில் எட்டு பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தது. 2006ல் தொடங்கிய கிரிங்கா திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாடு. கொட்டகையும் தீவனப் புல்லும் முதலில் தயாராக வேண்டும், முதல் கிடேரிக் கன்றைப் பக்கத்து ஏழை வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கலப்பின மாட்டுக்கு நாளைக்கு 40, 50 கிலோ பசும்புல் தேவை. காலேக்கர்க்காரன் அதற்கு எங்கே போவான் என்பது வேறு கேள்வி, பல ஊரில் அதுதான் பிரச்சினையானது.

இதே இயந்திரம் 2007ல் பயிர்த் தீவிரத் திட்டத்தைக் கையில் எடுத்தபோது என்ன செய்தது பாருங்கள். இந்தச் சரிவு முழுக்க மக்காச்சோளம், அந்தச் சரிவு முழுக்க உருளை. விதையும் உரமும் அரசு கொண்டுவந்தது, விளைச்சலும் ஏறியது. ஆனால் சிறுவிவசாயி சர்க்கரைவள்ளி, சோளம், மொச்சை, வாழை என்று கலந்து வைப்பது ஒன்று போனால் ஒன்று சோறு போடும் என்றுதான். உத்தரவை மீறி நட்ட சர்க்கரைவள்ளியைப் பிடுங்கிப் போட்ட அதிகாரிகள் உண்டு, அபராதமும் உண்டு. மழை தவறி மக்காச்சோளம் போன வருடம் வீட்டில் எதுவும் இல்லை. அதிகாரி மேல் தப்பில்லை, அவருக்கு ஒப்பந்தத்தில் மக்காச்சோளம் என்று இருக்கிறது. "எங்க ஊர் மண்ணுக்கு ஆகாது" என்று மேலே எழுதினால் மதிப்பெண் அவருக்குத்தான் குறையும்.

மேல்மட்டத்தில்: புது அரசின் முதல் உள்துறை அமைச்சர் சேத் செண்டஷோங்கா. ஹுட்டு, ஆர்பிஎஃப்காரர். 1995ல் பதவியிலிருந்து போனார், 1998 மே மாதம் நைரோபியில் சுடப்பட்டார். முதல் குடியரசுத் தலைவர் பாஸ்தர் பிஸிமுங்கு 2000ல் விலகி அடுத்த ஆண்டே தனிக் கட்சி தொடங்கினார். 2002ல் கைது, 2004ல் 15 ஆண்டுச் சிறை, 2007ல் மன்னிப்பு. 2003 தேர்தலுக்கு முன்னால் எம்டிஆர் என்ற மாற்றுக் கட்சியைக் கலைத்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் விக்டுவார் இங்கபிரே 2010 தேர்தலில் நிற்க ஊர் திரும்பினார், நிற்க முடியவில்லை, சிறைதான். 2018ல் மன்னிப்பில் வெளியே வந்தவர் 2025 ஜூனில் மறுபடி கைது. பிஸிமுங்குவுக்குப் பின் குடியரசுத் தலைவரான ஆர்பிஎஃப் தலைவர் பால் ககாமே வாங்கிய ஓட்டு: 2003ல் 95, 2010ல் 93, 2017ல் 98.8, 2024ல் 99.18 சதவீதம். இடையில் 2015ல் அரசியல் சட்டத்தை மாற்றி 2034 வரை நிற்க வழி செய்துகொண்டார்.

குன்னூர் ஏலம் | 13 ஆகஸ்ட்

எதிர்ப்பக்கத்தையும் எழுதுவோம் சார். 1991லிருந்து அங்க பல கட்சி ஜனநாயகம் வந்துச்சு, சுதந்திரப் பத்திரிகை வந்துச்சு. அதுலதான் மில் கொலின் வானொலி பிறந்து, யாரை வெட்டணும்னு பெயர் வாசிச்சது. வெட்டினவனும் செத்தவன் மகளும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கிற ஊர்ல, இனம் பேசினா உள்ள தள்ளுவேன்னு சட்டம் போடுறது எனக்குத் தப்பாத் தெரியல. சிறையில மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் கிடந்தாங்க. சாதாரணக் கோர்ட்டுல நடத்தியிருந்தா நூறு வருஷம். ககாச்சா ஊர்ப் பஞ்சாயத்துல 2012க்குள்ள முடிச்சாங்க, பதினெட்டு பத்தொன்பது லட்சம் வழக்கு. வக்கீல் இல்ல, முறையீடு சுமார்தான், பொய்ச் சாட்சி உண்டு. வேற என்ன வழி இருந்தது?

கட்டபெட்டு | 14 ஆகஸ்ட்

ககாச்சாவுக்கு மாற்று இருந்தது என்று சொல்ல என்னிடம் விடை இல்லை. முதல் பத்து வருடம் வாயைக் கட்டியதற்கும் நீங்கள் சொல்லும் நியாயம் இருக்கிறது. ஆனால் ககாச்சாவில் ஆர்பிஎஃப் படையினர் செய்த கொலைகளை விசாரிக்க இடமில்லை என்று முதலிலேயே கதவை மூடினார்கள். 1995 ஏப்ரலில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்கள் இருந்த கிபேஹோ முகாமில் ராணுவம் சுட்டதில் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்றது அரசு. ஆயிரக்கணக்கில் என்றார்கள் அங்கேயே நின்ற ஐநா படையினர். யார் செத்தாலும் எண்ணுகிற உரிமை ஒரே தரப்பிடம் போன இடம் அது. 2008ல் வந்த "இனப்படுகொலைச் சிந்தனை" சட்டத்தின் வாசகம் எவ்வளவு தொளதொளவென்று இருந்தது என்றால் அரசே 2013லும் 2018லும் திருத்தி எழுதியது. மக்காச்சோளத்தைக் குறை சொன்ன பத்திரிகைக்காரரையும் அதற்குள் போட முடிந்தது.

எண்ணிக்கை விஷயம் முக்கியம். நாளை எழுதுகிறேன், மழையில் கரண்டு ஆடுகிறது.

கட்டபெட்டு | 16 ஆகஸ்ட்

வறுமைக் கணக்கு. சில வருடங்களுக்கு ஒரு முறை வீடு வீடாகச் செலவு ஆய்வு எடுக்கிறார்கள். 2010/11ல் வறுமை 44.9 சதவீதம், 2013/14ல் 39.1 என்று அறிவிப்பு வந்தது. வந்ததும் சண்டை. பெல்ஜியப் பேராசிரியர் ஃபிலிப் ரெய்ன்ட்ஜென்ஸ், "இல்லை, ஏறியிருக்கிறது" என்றார்.

இரண்டு தரப்பும் ஒரே தரவைத்தான் வைத்திருந்தார்கள். எப்படி முடியும்? வறுமைக்கோடு என்பது பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 2,500 கலோரி வாங்க ஆகும் காசும், உணவல்லாத செலவுக்குக் கொஞ்சமும். அந்தக் கலோரியை எந்தெந்தப் பொருளால் நிரப்புவது என்று ஒரு கூடை. அதுவரை 2001ல் போட்ட கூடையையே விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 2013/14ல் கூடையையே மாற்றி, ஏழைகள் இப்போது சாப்பிடுவதை வைத்துப் புதிதாகக் கட்டினார்கள். கோடு ஆண்டுக்கு 1,59,375 பிராங்க். ஏழை விலை தாளாமல் மொச்சையைக் குறைத்து மரவள்ளிக்கு இறங்கியிருந்தால், புதுக் கூடையில் அந்த மரவள்ளிதான் ஏறும். கூடை மலிந்தால் கோடு தாழும். கோடு தாழ்ந்தால் அதற்குக் கீழே நிற்கும் ஆள் குறைவார். பழைய கூடைக்கு எந்த விலைக் குறியீட்டைப் பெருக்குவது என்பதிலும் இதே அளவு தகராறு. தலைநகர் விலையா, ஊர்ச் சந்தை விலையா?

கூடையைப் புதுப்பிப்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை, எல்லா நாடும் செய்வதுதான். புதுக் கூடையைப் பழைய ஆண்டுக்கும் சரியாகப் பொருத்தினால்தான் ஏறியதா இறங்கியதா என்று பேசலாம். அதைப் பொருத்திய விதத்தில்தான் வழக்கு. உலக வங்கி அரசின் பக்கம் நின்றது. சில வருடம் கழித்து வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றும் தரவை மறுபடி ஓட்டிப் பார்த்துச் சந்தேகம் கிளப்பியது. குழந்தை இறப்பு குறைந்தது, பள்ளிச் சேர்க்கை ஏறியது, இவை வேறு ஆய்வுகளிலும் தெரிகின்றன. அதில் எனக்குச் சந்தேகமில்லை. இங்கே தேயிலை வாரியத்தின் சராசரியை எந்தக் கட்சிக்காரரும் மேடையில் கிழிக்கலாம். அங்கே அந்த வேலையை வெளிநாட்டுப் பேராசிரியர்தான் செய்யவேண்டியிருந்தது.

தாண்டிக்குடி | 17 ஆகஸ்ட்

பக்கத்து நாடு காங்கோவை யாரும் தொடல. 1996, 1998 ரெண்டு தடவை ருவாண்டா படை உள்ள போச்சு. 2000ல மின்னணுச் சாமானுக்கான கோல்டான் தாது விலை எகிறினப்ப அந்தப் பக்கத்துக் கனிமம் கிகாலி வழியாப் போனதை ஐநா நிபுணர் குழு 2001லயே எழுதிடுச்சு.

கட்டபெட்டு | 17 ஆகஸ்ட்

ஆமாம், அதைச் சேர்க்காமல் வரவு செலவு முடியாது. பட்ஜெட்டில் பெரும்பங்கு வெளிநாட்டு உதவியாக வந்த காலத்தில், 2012ல் காங்கோவில் சண்டையிடும் எம்23 கிளர்ச்சிப் படைக்கு ருவாண்டா உதவுகிறது என்று கொடையாளிகள் பணத்தை நிறுத்தினார்கள். மறு ஆண்டு வளர்ச்சி ஐந்துக்குக் கீழே வந்தது. 2013ல் 40 கோடி டாலர் கடன் பத்திரம் விற்றதில் ஒரு பாடம், உதவியை மட்டும் நம்பக்கூடாது என்பது. வரியை அதற்கு முன்பே இறுக்கத் தொடங்கிவிட்டார்கள்: 1998ல் தனி வருவாய் ஆணையம், 2001ல் மதிப்புக் கூட்டு வரி 15, மறு ஆண்டே 18. 2013லிருந்து கடைகளில் மின்னணு ரசீது எந்திரம். 2025 ஜனவரியில் எம்23 கோமாவைப் பிடித்தது, பிப்ரவரியில் புகாவு. பிரிட்டன் உதவியில் ஒரு பகுதியை நிறுத்தியது, அமெரிக்கா ஒரு அமைச்சர் மேல் தடை போட்டது, பெல்ஜியத்தோடு உறவே முறிந்தது. ஜூன் 27ல் காங்கோவும் ருவாண்டாவும் வாஷிங்டனில் சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். வாங்குகிறவன் கையில் அரசியல் இருக்கும்வரை கனிமமும் சுற்றுலாவும் காபி மாதிரி நிம்மதியான வருமானம் இல்லை.

இன்னொன்று விட்டுப்போனது. ஆளுங்கட்சிக்கே கம்பெனி உண்டு. 1995ல் ட்ரைஸ்டார், இப்போது கிறிஸ்டல் வென்ச்சர்ஸ். பால், சாலை ஒப்பந்தம், கட்டுமானம். தனியார் யாரும் வரத் துணியாத காலத்தில் அவர்கள் முதல் போட்டார்கள், செல்பேசி வந்ததில் அவர்கள் பங்கு உண்டு. இன்று அதே துறையில் ஒரு சின்ன முதலாளி இறங்கினால் போட்டி யாரோடு?

பந்தலூர் | 20 ஆகஸ்ட்

என் முதல் கேள்விக்கு இன்னும் வரல. இலங்கை?

கட்டபெட்டு | 20 ஆகஸ்ட்

இலங்கையும் போட்டதே ரோடுதான். ஏ9 நெடுஞ்சாலை அகலமானது, 2014 அக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம் வரை திரும்பியது, இந்தியப் பணத்தில் வடகிழக்கில் 46,000 வீடு. மீதி 4,000 மலையகத்துக்கு. உங்களில் பலருக்கு அங்கே சொந்தம் இருக்கும். இவ்வளவுக்கும் நடுவில் 2013 செப்டம்பரில் வடக்கு மாகாணத் தேர்தல். 38 இடத்தில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. ரோடு போட்டவருக்கு ஓட்டு இல்லை. காணியை ராணுவம் வைத்திருக்கிறது, காணாமல் போனவர் எங்கே என்று தெரியவில்லை, நுண்கடன்காரன் வாரா வாரம் வாசலில் நிற்கிறான், அதற்கெல்லாம் பதில் அந்த ஓட்டுப் பெட்டியில் விழுந்தது. காணி எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் கொழும்பில் இருப்பவர்களுக்கு வடக்கு என்ன நினைக்கிறது என்று எண்ணிக்கையில் தெரிந்தது. ருவாண்டாவில் 99.18 என்கிற எண்ணிலிருந்து ககாமேவுக்கே என்ன தெரிந்திருக்கும்?

கறார் இரண்டு நாட்டிலும் இருந்தது. ருவாண்டாவில் அதோடு வரி ஆணையம், வரப்புப் படம், கழுவு நிலையம், காப்பீடு என்று கீழே வரை வேலை போனது. அதை எடுத்துக்கொள்ளலாம், கறார் இல்லாமலே செய்யக்கூடியவை அதில் பாதிக்கு மேல். வரப்புப் படத்தையே எடுங்கள். ஊர்ப் பிள்ளைகள், அச்சிட்ட படம், தகராறைத் தனியாக ஏற்றிவிட்டு மீதியை முடிப்பது. கூடலூரில் வழக்கில் இல்லாத துண்டுகளுக்கு இதைச் செய்ய எந்தச் சர்வாதிகாரியும் தேவையில்லை.

பந்தலூர் | 21 ஆகஸ்ட்

வழக்குல இல்லாத துண்டு எதுன்னு பிரிக்கிறதுக்கே ஒரு வழக்கு வரும் அண்ணே. சரி, அந்த அறுபது நாள் ஆட்சேபணைப் பட்டியலை ஊர்ல எங்க ஒட்டினாங்க?

கட்டபெட்டு | 21 ஆகஸ்ட்

ஒவ்வொரு சிற்றூர்த் தொகுதியின் அலுவலகத்திலும் வைத்தார்கள், தாலுகா ஆபீஸ் மாதிரி இருபது கிலோமீட்டர் போகவேண்டியதில்லை. நடந்து போய்ப் பெயரைப் பார்க்கலாம். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டம் போட்டு வாசித்தும் காட்டினார்கள்.

தாண்டிக்குடி | 22 ஆகஸ்ட்

உயரப் பரணுக்கு என்ன வலைன்னு தனிச்செய்தியில ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. நைலான் வலை, கொட்டை கீழ விழாத கண். அடியில தாங்கக் கம்பி வலை. இடுப்பு உயரம், ரெண்டு பக்கமும் நின்னு கை எட்டுற அகலம். கொட்டையை ரெண்டு விரற்கடைக்கு மேல கனமாப் பரப்பாதீங்க. நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழையில பறிப்பு மாட்டும், மேல கூரை போடாம வலை மட்டும் வாங்கிப் பிரயோஜனம் இல்ல.